ரெண்டு கையும் புதுசா வெச்ச ஆளோட மூளை: லியோன் கேஸை இப்போ திரும்பப் படிச்சா

மூளையில உடம்பை அசைக்கக் கட்டளை கொடுக்கற மோட்டார் ஏரியா புது அசைவைக் கத்துக்கும்போது எப்படி மாறுதுன்னு யாராவது பேச ஆரம்பிச்சா ஒரு படம் கட்டாயம் வரும், ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு ஸ்கேன், பின்னாடி ஒரு ஸ்கேன், கலர் புள்ளி இடம் மாறியிருக்கும், "பாருங்க மூளை தன்னைத்தானே திருத்தி எழுதிக்கிச்சு"ன்னு கீழ ஒரு வரி. அந்த மாதிரி படங்கள்ல பிரபலமானது பிரான்ஸ்ல லியோன் நகரத்துல இருந்து வந்த ஒரு கேஸ். பேப்பர்ல அவரை சி.டி.ன்னு ரெண்டு எழுத்துலதான் குறிப்பிடுவாங்க, நானும் அப்படியே வெச்சுக்கறேன். இந்தக் கேஸை அப்போ எல்லாரும் படிச்ச விதமும் இன்னைக்குப் படிக்க வேண்டிய விதமும் ஒண்ணு இல்ல, அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

கேஸ்

சி.டி. பெயிண்டர் வேலை பார்த்தவர். 1996-ல வீட்டுல செஞ்ச ஒரு சின்ன ராக்கெட் கையிலயே வெடிச்சு ரெண்டு கையும் போயிடுச்சு, முன்னங்கையோட கீழ்ப்பகுதி வரைக்கும். நாலு வருஷம் ரெண்டு கையும் இல்லாம இருந்தார், செயற்கைக் கை மாட்டிக்கிட்டு. 2000 ஜனவரி 13-ம் தேதி லியோன்ல எடுவார் எரியோ ஆஸ்பத்திரியில ஷான்-மிஷேல் துபெர்னார் தலைமையில ஒரு பெரிய டீம் அவருக்கு இறந்துபோன ஒருத்தரோட ரெண்டு கையையும் ஒரே ஆபரேஷன்ல வெச்சாங்க. உலகத்துலயே ரெண்டு கை மாற்று ஆபரேஷன் அதுதான் முதல்ல. அப்போ அவருக்கு வயசு 33.

ஆபரேஷன்னா எலும்பைத் தட்டு வெச்சு இணைக்கணும், ரத்தக் குழாயைத் தைக்கணும், நரம்பைத் தைக்கணும், தசைநாணை ஒண்ணொண்ணா சேர்க்கணும், தோலை மூடணும். அப்புறம் ஆயுசு முழுக்க உடம்பு அந்தக் கையை வேத்து ஆளுன்னு விரட்டாம இருக்க மருந்து. முதல் சில மாசத்துலயே ரெண்டு தடவை விரட்டப் பார்த்துச்சு, தோல்ல சிவப்பு சிவப்பா வந்து மருந்து கொடுத்து அடக்கினாங்க. பிசியோ ரொம்ப சீக்கிரமே ஆரம்பிச்சாச்சு.

மூளை பக்கம் போறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகணும், இது புரியலைன்னா மீதி எதுவுமே புரியாது. உங்க இடது கையால வலது முன்னங்கையைப் பிடிச்சுக்கிட்டு வலது விரலை மடக்கி மடக்கி நீட்டுங்க. முழங்கைக்குக் கீழ தசை துள்ளுறது கைக்குத் தட்டுப்படும். விரலை மடக்கற, நீட்டற பெரிய தசையெல்லாம் கையிலயே இல்ல, முன்னங்கையில இருக்கு, அங்க இருந்து தசைநாண் மட்டும்தான் விரலுக்குப் போகுது. அதனால மணிக்கட்டு பக்கத்துல கை போன ஒருத்தருக்கு விரல் இல்லைன்னாலும் விரலை இழுக்கற தசையும் அதுக்கு வர்ற நரம்பும் அப்படியே இருக்கும். புதுக் கையோட தசைநாணை அந்தப் பழைய தசையில சேர்த்துத் தைச்சுட்டா, தையல் ஆறினதும் அவரோட சொந்தத் தசைதான் புது விரலை இழுக்குது, இதுக்குப் புது நரம்பு வளர வேண்டிய அவசியமே இல்ல.

ஆனா உள்ளங்கைக்குள்ள இருக்கற சின்னச் சின்ன தசைங்க வேற கதை. விரலை விரிக்கறது, கட்டைவிரலைச் சுண்டுவிரல்கிட்ட கொண்டுபோறது, ஊசி எடுக்கற மாதிரி நுணுக்கமா பிடிக்கறது எல்லாம் அதோட வேலை. இதெல்லாம் கை கொடுத்தவரோட தசை. சி.டி.யோட மூளைக்கு அதுகூட எந்தத் தொடர்பும் எப்பவும் இருந்ததே இல்ல. வெட்டின இடத்துல இருந்து நரம்பு ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து போய்ச் சேர்ந்தாத்தான் உண்டு, மாசக்கணக்கு ஆகும். ஆக ஒரே கைக்குள்ள ரெண்டு கேஸ் இருக்கு, பழைய தசை புது விரலை ஆட்டறது ஒண்ணு, மூளைக்கு முன்பின் தெரியாத தசையை மூளை ஆட்டக் கத்துக்கறது இன்னொண்ணு. செய்தியில எழுதினவங்க இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டாங்க, ஆராய்ச்சி பண்ணவங்க குழப்பல.

ஸ்கேன்ல என்ன பார்த்தாங்க

லியோன்ல மூளை ஆராய்ச்சியாளர்கள் ஆஞ்செலா சிரிகுவும் பாஸ்கல் ஷிரோவும் சர்ஜன்கூட சேர்ந்து சி.டி.யை ஆபரேஷனுக்கு முன்னாடி எஃப்எம்ஆர்ஐ-ல, அதாவது மூளையில எந்த இடம் வேலை செய்யுதுன்னு காட்டற ஸ்கேன்ல, படுக்க வெச்சாங்க, அப்புறம் 2, 4, 6 மாசம் கழிச்சுத் திரும்பவும். விரலை மடக்கி நீட்டச் சொன்னாங்க. விரலே இல்லாதப்போ எப்படின்னு கேட்டா, கை போன பலருக்கும் இல்லாத கை இருக்கற மாதிரியே தோணும், அதை ஆட்டவும் முடியும், ஆட்டும்போது முன்னங்கைத் தசை நிஜமாவே சுருங்கும். முழங்கை அசைவையும் தனியா எடுத்தாங்க. ரிசல்ட் 2001-ல நேச்சர் நியூரோசயின்ஸ்ல வந்துச்சு.

மோட்டார் கார்டெக்ஸ்னா ஹேர்பேண்ட் போடற இடத்துல தலைக்கு உள்ள குறுக்கா ஓடற ஒரு பட்டை. உச்சந்தலை பக்கம் கால், கீழ வர வர உடம்பு, தோள், முழங்கை, கை, காது பக்கம் வந்தா முகம், வாய். மாண்ட்ரியல்ல மூளை சர்ஜன் பென்ஃபீல்ட் மயக்கம் கொடுக்காம ஆபரேஷன் பண்ணும்போது மூளையில கரன்ட் தொட்டுத் தொட்டு இதை வரைஞ்சார், 1937-ல வெளியாச்சு. கைக்கு அந்தப் பட்டையில உடம்போட ஒப்பிட்டா அநியாயத்துக்குப் பெரிய இடம்.

ஆபரேஷனுக்கு முன்னாடி சி.டி. இல்லாத விரலை ஆட்டினப்போ ஸ்கேன்ல கையோட வழக்கமான இடம் முழுசா ஒளிரல, முகத்து பக்கமா ஒதுங்கின ஒரு ஓரம் மட்டும்தான் ஒளிர்ந்துச்சு. முழங்கையோ கையோட இடத்துக்குள்ள கால் நீட்டியிருந்துச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் மாசம் போகப் போக கையோட வேலை உச்சந்தலைப் பக்கமா நகர்ந்து வழக்கமா கை இருக்கற நடு இடத்துக்கு வந்துச்சு, முழங்கையும் மேல ஏறித் தன் இடத்துக்கே போயிடுச்சு. ஆறாவது மாசம் பார்த்தா கிட்டத்தட்ட சாதாரண ஆளோட வரைபடம் மாதிரி.

இதை அன்னைக்குப் படிச்ச எல்லாருக்கும் தோணினது ஒண்ணுதான். கை போனதும் அந்த நிலம் சும்மா கிடக்கு, பக்கத்து நிலத்துக்காரங்க வேலியை நகர்த்தி உள்ள வந்துட்டாங்க, கை திரும்ப வந்ததும் அவங்க பின்வாங்கி நிலத்தைக் கொடுத்துட்டாங்க. அப்படித் தோணறதுல தப்பு இல்ல, அந்தக் காலத்துச் சூழ்நிலையே அப்படி. 1991-ல கையோட உணர்வு நரம்பு வெட்டப்பட்டு 12 வருஷம் ஆன குரங்குகளோட மூளையைப் பார்த்தப்போ முகத்தோட உணர்வு கையோட இடத்துக்குள்ள ஒரு சென்டிமீட்டருக்கும் மேல உள்ள வந்திருந்துச்சு. அடுத்த வருஷமே நம்ம மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ்.ராமச்சந்திரன் (சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர்தான்) கை போன ஒருத்தரோட கன்னத்தைத் தொட்டா இல்லாத விரல்ல தொட்ட மாதிரி அவருக்குத் தெரியுதுன்னு காட்டி, மனுஷனுக்கும் அதேதான்னு எழுதினார். அவ்வளவு தெளிவான கதை கையில இருக்கும்போது சி.டி.யோட ஸ்கேன் அதோட கடைசி அத்தியாயம் மாதிரி சரியாப் போய் உக்காந்துடுச்சு.

எனக்கு இடிக்கற இடம்

மேல சொன்ன தசை விஷயத்தைத் திரும்ப யோசிச்சுப் பாருங்க. 2-வது மாச ஸ்கேன்லயும் 4-வது மாச ஸ்கேன்லயும் புது விரலை ஆட்டினது சி.டி.யோட சொந்த முன்னங்கைத் தசை. ஆபரேஷனுக்கு முன்னாடி இல்லாத விரலை ஆட்டினப்போ சுருங்கினதும் அதே தசைதான், அதே நரம்புதான். ஒயர் ஒண்ணுகூட மாறல. உள்ளங்கைத் தசைக்குப் போற நரம்பு அப்போதான் எட்டிப் பார்க்க ஆரம்பிச்சிருக்கும். அப்போ வரைபடத்தை நகர்த்தினது எது? புது நரம்பு வந்ததால நகர்ந்துச்சுன்னு சொல்ல முடியாது. கண்ணால விரல் அசையறதைப் பார்க்கறது, தசைநாண் இழுக்கும்போது எதிர்ல ஒரு கனம் இருக்கறது, மூட்டு அசையறது, தினமும் பிசியோல அதையே திரும்பத் திரும்பப் பண்றது, இதெல்லாம்தான் மாறியிருக்கு. சுருக்கமா சொன்னா அவர் கையைப் பயன்படுத்தினார், அதுதான் மாறினது.

அடுத்த இடிப்பு இன்னும் பெருசு. கையோட இடத்தை நிஜமாவே அடுத்தவங்க எடுத்துக்கிட்டாங்களா? இதே சிரிகுவோட குழு 2006-ல கை போனவங்க தலைக்கு மேல காந்தச் சுருள் வெச்சு, அதாவது டிஎம்எஸ், மோட்டார் கார்டெக்ஸ்ல கையோட இடத்தைத் தூண்டினாங்க. அவங்களுக்கு இல்லாத கை அசையற மாதிரி தெரிஞ்சுது, சிலருக்குத் தாங்களா முயற்சி பண்ணா வராத அசைவுகூட வந்துச்சு. முகம் அந்த இடத்தை முழுசா எடுத்துக்கிட்டிருந்தா அங்க தட்டும்போது கை ஏன் பதில் சொல்லணும்? வேலி நகர்ந்திருக்கலாம், பட்டா கை பேர்லயேதான் இருந்திருக்கு.

கேம்பிரிட்ஜ்ல மூளை ஆராய்ச்சியாளர் டாமர் மேக்கின் இந்தச் சந்தேகத்தை ரொம்ப வருஷமா பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. 2013-ல அவங்க குழு காட்டினது, இல்லாத கை ரொம்ப வலிக்கறவங்களுக்குத்தான் அந்தக் கையை அசைக்கச் சொன்னா மூளையில கையோட இடம் நல்லாவே வேலை செய்யுதுன்னு. இடம் பறிபோனதாலதான் வலின்னு அதுவரைக்கும் இருந்த பாடத்துக்கு இது நேர் எதிர். ஆனா எல்லாத்தையும்விடக் கனமானது 2025-ல அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஎச் ஆட்களோட சேர்ந்து நேச்சர் நியூரோசயின்ஸ்ல போட்டது. மருத்துவக் காரணத்தால கையை எடுக்கப் போற மூணு பேரை, கை இருக்கும்போதே ஸ்கேன் பண்ணி, எடுத்த அப்புறமும் வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்தாங்க. கையோட வரைபடம் அப்படியே இருந்துச்சு, உதடு உள்ள நுழையல. கை இருந்தப்போ ஒவ்வொரு விரலுக்கும் மூளையில வந்த பேட்டர்னை கம்ப்யூட்டருக்குக் கத்துக்கொடுத்து, கை போன அப்புறம் இல்லாத விரலை ஆட்டச் சொன்னா, எந்த விரலை ஆட்டறாங்கன்னு கம்ப்யூட்டர் சொல்லுது.

சி.டி. கேஸ்ல இல்லாதது இதுதான். அவருக்குக் கை போறதுக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன் கிடையாது, இருக்கவும் வாய்ப்பில்ல, ராக்கெட் வெடிக்கப் போகுதுன்னு யாருக்குத் தெரியும். அதனால ஆபரேஷனுக்கு முந்தின படத்துல கை ஓரமா ஒதுங்கியிருந்ததை மத்த ஆட்களோட சராசரியை வெச்சுத்தான் "ஒதுங்கிடுச்சு"ன்னு சொல்றோம். அதோட, நாலு வருஷமா சரியா ஆட்டாத விரலை ஸ்கேனுக்குள்ள படுத்துக்கிட்டு ஆட்டும்போது அசைவு மெதுவா, திக்கித் திக்கித்தான் வரும், கூடவே முழங்கையும் இறுகும். கை வந்து ஆறு மாசம் பழகினவர் ஆட்டறது வேற மாதிரி இருக்கும். ரெண்டு படத்துக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்துல எவ்வளவு வரைபடம் மாறினது, எவ்வளவு அசைவோட தரம் மாறினதுன்னு ஒரே ஆளை வெச்சுப் பிரிக்க முடியாது.

இதனால லியோன் பேப்பர் பொய்யா? இல்ல. அவங்க பார்த்தது நிஜம், மாற்றம் நடந்திருக்கு. மூளை இடத்தைத் திரும்பப் பிடிச்சுதுன்னு சொல்ற கதையைத்தான் நான் மாத்தணும்ங்கறேன். இருந்த இடத்துல திரும்பவும் வேலை ஆரம்பிச்சுதுன்னு எழுதினா கண்ணால பார்த்ததுக்கு இன்னும் கிட்ட இருக்கும்.

அப்போ புதுசா நடந்தது எது

உள்ளங்கைத் தசைதான். இங்கதான் நிஜமான கத்துக்கறது நடந்திருக்கு, ஆனா இதைப் பத்தி யாரும் பெருசா பேசறதில்ல.

2009-ல அதே லியோன் குழு, பேப்பர்ல முதல் பேர் வர்காஸ், டிஎம்எஸ் வெச்சு அந்தச் சின்னத் தசைங்களுக்கு மோட்டார் கார்டெக்ஸ்ல இடம் இருக்கான்னு தேடினாங்க. சி.டி.க்கு 51 மாசம் ஆன நிலையில பார்த்தப்போ இருந்துச்சு. இன்னொருத்தர், எல்.பி., 2003-ல ரெண்டு கையும் வெச்சவர், அவரை ஆரம்பத்துல இருந்தே தொடர்ந்து பார்த்தாங்க. இடது கைத் தசைக்கு 10-வது மாசம் இடம் தெரிஞ்சுது, வலது கைக்கு 26-வது மாசம். கவனிங்க, அவர் வலது கைப் பழக்கம் உள்ளவர். ஒரே ஆள், ஒரே நாள் ஆபரேஷன், ஒரே பிசியோ, ஒரு கைக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல ஒரு வருஷத்துக்கு மேல வித்தியாசம். பழகின கைதான் முந்தும்னு யாரும் பந்தயம் கட்டியிருப்பாங்க, தோத்திருப்பாங்க.

வேற ஒருத்தர் உடம்புல வளர்ந்த தசைக்கு இவர் மூளையில கட்டளை போற வழி உண்டாகுது, அந்தத் தசையைத் தூண்டற இடமும் கையோட பழைய ஏரியாவுலதான் வருது. இதை நான் மேல சொன்ன கலர்ப் படத்தைவிடப் பெரிய விஷயமா நினைக்கறேன்.

மூளைக்குள்ள இது எப்படி நடக்கும்னு கேட்டா ரெண்டு வேகம் இருக்கு. முதல் வேகம் நிமிஷக் கணக்கு. மோட்டார் கார்டெக்ஸ்ல பக்கத்துப் பக்கத்து செல்லுங்களுக்கு நடுவுல ஏற்கனவே குறுக்கு இணைப்பு நிறைய இருக்கு, ஆனா காபா-ங்கிற ரசாயனம் அதை அமுக்கி வெச்சிருக்கு. அந்த அமுக்கல் குறைஞ்சா மறைஞ்சிருந்த இணைப்பு வேலைக்கு வந்துடும், எலிகள்ல 1991-லயே இதைக் காட்டியாச்சு. மனுஷங்ககிட்ட 1998-ல ஒரு அழகான பரிசோதனை, கட்டைவிரலை ஒரே திசையில அரை மணி நேரம் ஆட்டப் பழக்கினாங்க, அதுக்கு முன்னாடி டிஎம்எஸ் கொடுத்தா வேற திசையில துள்ளின கட்டைவிரல் பழகின அப்புறம் பழகின திசையிலயே துள்ளுச்சு, கொஞ்ச நேரத்துல பழையபடி ஆயிடுச்சு. ரெண்டாவது வேகம் நிஜமான கட்டுமானம். 2009-ல எலிக்குட்டிகளைக் கையை நீட்டித் தீனி எடுக்கப் பழக்கினப்போ ஒரு மணி நேரத்துக்குள்ளயே மோட்டார் கார்டெக்ஸ் செல்லுங்கள்ல இணைப்புக்கான புது முளைங்க வந்துச்சு, பயிற்சி தொடர்ந்தா அதுல கணிசமானது மாசக்கணக்குல நிலைச்சு நின்னுச்சு.

இன்னொரு முடிவை பிசியோகாரங்க தயவுசெஞ்சு குறிச்சு வெச்சுக்கணும். 2008-ல எலிகள்ல பார்த்தாங்க, புது வித்தை கத்துக்கும்போது மோட்டார் வரைபடம் பெருசாகுது, அப்புறம் பழைய அளவுக்குச் சுருங்கிடுது, ஆனா கத்துக்கிட்டது போகல. ஆக வரைபடத்தோட அளவும் திறமையும் ஒண்ணு இல்ல. கத்துக்கற நேரத்துல அகலமா முயற்சி பண்ணும், தேவையானது நின்னதும் மிச்சத்தை விட்டுடும். "உங்க மூளை மேப்பைப் பெருசாக்கறோம்"னு காசு வாங்கற ஆட்களைப் பார்த்தா எனக்கு வர்ற எரிச்சலுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதே ஆஸ்பத்திரியோட முந்தின கேஸ்

1998 செப்டம்பர்ல இதே துபெர்னார் டீம் நியூசிலாந்துக்காரர் ஒருத்தருக்கு ஒரு கை வெச்சாங்க. அறுவை நல்லா நடந்துச்சு. ஆனா அவர் மருந்தை ஒழுங்கா எடுத்துக்கல, கடைசியில அந்தக் கை தன்னோடதா தோணலைன்னு சொல்லி 2001-ல லண்டன்ல எடுத்துடச் சொல்லிட்டார். சி.டி.க்கு ரெண்டு கையும் இல்ல, இவருக்கு ஒரு நல்ல கை இருந்துச்சு. ஒரு கை நல்லா இருக்கறவர் எல்லா வேலையையும் அதாலயே முடிச்சுடுவார், புதுக் கைக்கு வேலை கிடைக்காது, வேலை கிடைக்காத கைக்கு மூளையில என்ன நடக்கும்னு சொல்லவே வேண்டாம். மருந்து, மனசு எல்லாம் கலந்த கேஸ்தான், ஒரே காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பக்கவாதம் வந்தவங்களுக்கு நல்ல கையைக் கட்டிப்போட்டு வராத கையால வேலை வாங்கற சிகிச்சை இதே எண்ணத்துலதான் நிக்குது.

நம்ம ஊர்ல

இந்தியாவுல ரெண்டு கை மாற்று 2015-ல கொச்சியில ஆரம்பிச்சுது, 2018-ல சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலயும் பண்ணாங்க. ராமச்சந்திரன் படிச்ச அதே காலேஜோட ஆஸ்பத்திரிங்கறது தற்செயல்தான், எனக்குப் பிடிச்ச தற்செயல். அதனால கை மாற்றுக்குக் காத்திருக்கறவங்க, அவங்க வீட்டுக்காரங்க, பிசியோ பண்றவங்களுக்கு இந்தக் கேஸ்ல இருந்து நான் எடுத்துக்கறது என்னன்னு சொல்லிடறேன்.

காத்திருக்கற காலத்துல இல்லாத விரலை ஆட்டறதை விடக்கூடாது. மூளையில கையோட இடம் இருக்கு, முன்னங்கைத் தசையும் இருக்கு, ரெண்டும் பேசிக்கிட்டே இருக்கட்டும். மனசுக்குள்ள பண்ற பயிற்சியும் வீண் இல்ல, 1995-ல பாஸ்குவல்-லியோனேங்கிற மூளை ஆராய்ச்சியாளரோட குழு பியானோ தெரியாதவங்களை வெச்சு தினம் ரெண்டு மணி நேரம், அஞ்சு நாள் பண்ணாங்க, விரலால வாசிச்சவங்களுக்கும் வாசிக்கற மாதிரி நினைச்சுக்கிட்டு மட்டும் உக்காந்திருந்தவங்களுக்கும் மோட்டார் வரைபடம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி விரிஞ்சுது. வாசிப்புல நினைச்சவங்க பின்தங்கித்தான் இருந்தாங்க, ஆனா ஒரே ஒரு ரெண்டு மணி நேரம் நிஜமா பழகினதும் எட்டிப் பிடிச்சுட்டாங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் விரல் மடங்க ஆரம்பிச்சதும் வீட்ல எல்லாரும் "கை வந்துடுச்சு"ன்னு நினைச்சுப்பாங்க. அது பழைய தசை பண்ற வேலை. கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொடறது, சட்டை பட்டன் போடறது, சில்லறை எடுக்கறது எல்லாம் நரம்பு போய்ச் சேர்ந்து மூளை வழி கண்டுபிடிச்ச அப்புறம்தான். ஒரு வருஷம் ஆயும் வரலைன்னு பிசியோவை நிறுத்தினவங்க இருந்தா அவங்ககிட்ட எல்.பி.யோட கணக்கைச் சொல்லுங்க, ஒரு கைக்கு 10 மாசம், இன்னொரு கைக்கு 26 மாசம். முதல் நாளே குடும்பத்தை உக்கார வெச்சு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகலாம், ரெண்டு கையும் ஒண்ணா வராதுன்னு சொல்லிட்டு ஆரம்பிக்கறதுதான் நல்லது.